நாளைய அமெரிக்க அதிபர் வேட்பாளர்: எந்த அடையாளத்தை நம்பித் தேடுவது?

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். குடியரசுக் கட்சியிலும் ஜனநாயகக் கட்சியிலும் நாளை வேட்பாளராகக் கூடியவர்கள் யார் யார் என்று கணித்து, அவர்கள் வகித்த பதவிகள், அவையில் அளித்த வாக்குகள், ஆற்றிய உரைகள், மாற்றிக்கொண்ட நிலைப்பாடுகள் ஆகியவற்றைத் தொகுத்துக் கோப்புகளாக வைத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்துவரும் தலைவர்கள் என்று பேசப்படுபவர்கள் எப்போதும் இருபது முப்பது பேர் இருப்பார்கள். பிரிவில் இருப்பவர்களோ இரண்டு மூன்று பேர். ஒழுங்காகப் பராமரிக்க முடிந்தவை ஐந்து கோப்புகள்தாம். அந்த ஐவரை எந்த அடையாளத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே கேள்வி. யார் வர வேண்டும் என்பதை அமெரிக்க வாக்காளர் பார்த்துக்கொள்வார். யார் வரக்கூடும் என்பதை வாசகருக்கு முன்கூட்டியே சொல்வது எங்கள் தொழில்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியமாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் குடியரசுக் கட்சிக்கான தேசியக் கருத்துக்கணிப்புகளில் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி முன்னணியில் இருந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நகரத்தை வழிநடத்தியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. எங்கள் பிரிவில் அவரைப் பற்றி முழுப் பக்கம் ஒன்று, படங்களுக்குக் குறிப்பு எழுதியது வரை, தயாராக இருந்தது. 2008 ஜனவரி 4 காலை, நம் நேரப்படி அலுவலகத்துக்குக் கிளம்பும் வேளையில், கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அயோவா மாநிலக் கூட்டங்களின், அதாவது காகஸின், முடிவு வந்தது. குடியரசுக் கட்சியில் வென்றவர் ஆர்கன்சா மாநில முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி. அன்று எங்கள் மேசையில் நடந்த முதல் விவாதமே அவருடைய பெயரை ‘ஹக்கபி’ என்று எழுதுவதா ‘ஹக்கபீ’ என்று எழுதுவதா என்பதுதான். அவருக்குக் கோப்பே இல்லை. அதே மாதம் 30ஆம் தேதி ஜூலியானி ஒரு மாநிலத்தில்கூட வெல்லாமல் விலகினார். 2007 கோடையில் பணம் தீர்ந்து, முக்கிய ஊழியர்கள் விலகிப்போய், கதை முடிந்துவிட்டதென்று பலரும் கைகழுவிய ஜான் மெக்கெய்ன் வேட்பாளரானார். நாங்கள் தயாரித்த பக்கம் அச்சேறவில்லை. தவறு ஜூலியானியைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அவரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் நம்பிய அடையாளத்தில்தான் தவறு இருந்தது.

அடையாளங்களை ஒப்பிடும் முன் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் முதன்மைத் தேர்தல் ஒன்றிலும் முறையாகப் போட்டியிடாமலே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். மாநாட்டுக்கு வெளியே நடந்த போராட்டங்களும் உள்ளே எழுந்த கசப்பும் சேர்ந்து, மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையே மாற்ற ஓர் ஆணையத்தை அமைக்கும்படி கட்சியைத் தள்ளின. அந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மெக்கவர்ன்தான் புதிய விதிகளின்படி நடந்த 1972 போட்டியில் வென்று வேட்பாளரானார் என்பதைக் கவனிக்க வேண்டும். விதிகளை எழுதியவருக்கு அவற்றின் நெளிவுசுளிவு தெரிந்திருந்தது. குடியரசுக் கட்சியும் விரைவில் அதே வழிக்கு வந்தது. எனவே தலைவர்கள் அறைக்குள் அமர்ந்து முடிவெடுத்த 1972க்கு முந்தைய காலத்தின் உதாரணங்களை இன்றைக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இனி அடையாளங்களுக்கு வருவோம். கைக்கு எளிதில் கிடைப்பது கருத்துக்கணிப்பு. மாதந்தோறும் வருகிறது, எண்களாக வருகிறது, தலைப்புச் செய்தியாகவும் ஆகிறது. ஆனால் போட்டி தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன் எடுக்கப்படும் கணிப்பு அளப்பது பெரும்பாலும் பெயர் அறிமுகத்தைத்தான். 1972க்கு முன் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கி, 1987 மே மாதம் தனிப்பட்ட வாழ்க்கை பற்றிய செய்திகளால் விலகிய கேரி ஹார்ட், 2007 முழுவதும் முன்னணியில் இருந்த ஹிலாரி கிளின்டன் ஆகியோரை நம்பியவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள். மறுபக்கம், 1973இல் ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்தபோது ஜிம்மி கார்ட்டர் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் தோன்றினார். வந்திருப்பவரின் தொழில் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டிய குழுவினர் அவர் ஓர் ஆளுநர் என்பதைக் கண்டறியவே திணறினார்கள். மூன்றே ஆண்டுகளில் அவர் கட்சியின் வேட்பாளர். நியாயமாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1980இல் ரீகன், 1996இல் பாப் டோல், 2000இல் புஷ், கோர் இருவரும், 2024இல் டிரம்ப் என முன்னணியில் இருந்தவர்களே வென்ற போட்டிகளும் பல. ஆனால் அந்தப் பெயர்களை அறியக் கணிப்பு தேவைப்படவில்லை. அவர்களுடைய கோப்பு எல்லா அலுவலகங்களிலும் ஏற்கெனவே இருந்தது. புதியவரைத் தேடும் வேலைக்குக் கணிப்பு உதவாது என்பது என் முடிவு.

அடுத்தது மாநாட்டு மேடை. 2004 ஜூலை 27 அன்று பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சிறப்புரை ஆற்றிய பராக் ஒபாமா அப்போது இல்லினாய் மாநில அவையின் உறுப்பினர் மட்டுமே. நான்கே ஆண்டுகளில் அவர் வேட்பாளரானதால், மாநாட்டில் சிறப்புரை ஆற்றுபவரே நாளைய தலைவர் என்ற எண்ணம் ஊடகங்களில் வேரூன்றிவிட்டது. பட்டியலைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்கவில்லை. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கையே உருக வைத்த மாரியோ குவோமோ, 1988இல் ஆன் ரிச்சர்ட்ஸ், 2000இல் ஹெரால்டு ஃபோர்டு, 2008இல் மார்க் வார்னர், 2012இல் ஜூலியன் காஸ்ட்ரோ, அதே ஆண்டு குடியரசுக் கட்சி மேடையில் கிறிஸ் கிறிஸ்டி ஆகியோரில் ஒருவர்கூட வேட்பாளராகவில்லை. 1972க்குப் பின் இரு கட்சிகளின் சிறப்புரையாளர்களிலும் பின்னர் வேட்பாளரானவர் ஒபாமா ஒருவரே. 1988இல் அட்லாண்டாவில் அந்த ஆண்டின் வேட்பாளர் டுகாகிஸை முன்மொழிந்து பில் கிளின்டன் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். ‘முடிவாக’ என்று அவர் சொன்னதும் கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. பேச்சு தோற்றது. நான்கு ஆண்டுகளில் அதே மனிதர் அதிபர் தேர்தலில் வென்றார்.

ஒபாமாவின் கோப்பில் நாங்கள் முதலில் வைத்தது பாஸ்டன் உரையைத்தான். ஆனால் அவரை வேட்பாளராக்கியது வேறோர் உரை என்று இன்று உறுதியாகச் சொல்வேன். 2002 அக்டோபர் 2ஆம் தேதி சிகாகோவில், சில நூறு பேர் அல்லது ஆயிரம் பேர் கூடும் அளவிலான ஒரு போர் எதிர்ப்புக் கூட்டத்தில், ஈராக் மீது போர் தொடுப்பதை எதிர்த்து அவர் பேசினார். அதே மாதம் செனட்டில் போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்துக்கு ஹிலாரி கிளின்டன் ஆதரவாக வாக்களித்தார். 2007 வருவதற்குள் ஜனநாயகக் கட்சித் தொண்டர்களில் பெரும்பாலோர் அந்தப் போரைத் தவறென்று கருதினார்கள். கட்சியின் பெரிய தலைவர்களோ அந்த வாக்குக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்சி பின்னால் வருந்தப்போகும் ஒரு விஷயத்தில், வருத்தம் வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் நின்றவர் என்பதே ஒபாமாவின் பலம். பேச்சுத்திறன் அந்தப் பலத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தது.

இந்த அடையாளத்தை நான் தீராத வழக்கு என்று குறித்துக்கொள்கிறேன். ஒரு கட்சிக்குள் தலைவர்கள் ஒரு பக்கமும் தொண்டர்கள் மறுபக்கமும் நிற்கும் ஒரு சர்ச்சை தீராமல் கிடக்கும்போது, தொண்டர்களின் பக்கம் முன்பே போய் நின்றிருக்கும் ஒருவர் திடீரென்று உயர்கிறார். மெக்கவர்னுக்கு வியட்நாம் போர் அப்படி அமைந்தது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் தலைநகரோடு தொடர்பே இல்லாத ஒருவரை மக்கள் தேடியபோது கார்ட்டர் அகப்பட்டார். 1980, 1984, 1988 என மூன்று தோல்விகளுக்குப் பின், கட்சி தன் பழைய பாதையைவிட்டு நடுப்பக்கம் வர வேண்டுமென்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கிளின்டனுக்கு 1992 வாய்த்தது. 2016 பிப்ரவரி 13 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில்லில் நடந்த விவாதத்தில், புஷ் குடும்பத்துக்குச் செல்வாக்கு மிக்க அந்த மாநிலத்திலேயே, ஈராக் போர் பெரிய தவறு என்று டிரம்ப் சொன்னார். அவருடைய கதை அதோடு முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். ஒரு வாரம் கழித்து அந்த மாநிலத்தில் வென்றவர் அவர்தான், விலகியவர் ஜெப் புஷ்.

ஜெப் புஷ்ஷின் பெயரைச் சொன்னதும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இன் முதல் பாதிக்குள்ளேயே அவருக்கு ஆதரவான அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் 4 பேர். பணம் இல்லாமல் போட்டியிட முடியாது என்பது உண்மை. பணத்தைப் பார்த்து வேட்பாளரைக் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையல்ல.

பதவியை அடையாளமாகக் கொள்வதுதான் இருப்பவற்றில் உறுதியானது. ஆனால் எந்தப் பதவி என்பதைப் பொறுத்து அதன் பெறுமதி பெரிதும் மாறுகிறது. துணை அதிபர் பதவியை எடுத்துக்கொள்வோம். நிக்சன் முதல் கமலா ஹாரிஸ் வரை அந்தப் பதவியை வகித்த 14 பேரில், நிக்சன், ஜான்சன், ஹம்ப்ரி, ஃபோர்டு, மாண்டேல், மூத்த புஷ், கோர், பைடன், ஹாரிஸ் ஆகிய 9 பேர் பின்னர் அதிபர் வேட்பாளரானார்கள். இதைவிட வலுவான வேறொரு கணக்கும் உண்டு. 1960 முதல், பதவியில் இருக்கும் அதிபர் களத்தில் இல்லாமல் போய், அவருடைய துணை அதிபர் போட்டிக்கு வந்த தேர்தல்கள் ஐந்து: 1960, 1968, 1988, 2000, 2024. ஐந்திலும் துணை அதிபருக்கே கட்சியின் நியமனம் கிடைத்தது. ஆனால் அந்த ஐவரில் பொதுத் தேர்தலில் வென்றவர் 1988இல் மூத்த புஷ் மட்டுமே. அவருக்கு முன் பதவியில் இருந்தபடியே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட துணை அதிபரைத் தேடினால் 1836இன் வான் பியூரன் வரை போக வேண்டும். ஆகவே யார் வேட்பாளர் ஆவார் என்ற கேள்வியையும் யார் அதிபர் ஆவார் என்ற கேள்வியையும் கலந்துவிடக் கூடாது. கோப்பு தயாரிப்பவருக்கு முதல் கேள்வியே போதும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் நெருங்கிப் பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழகத்திலிருந்து சென்றவர். தாய்வழித் தாத்தா பி. வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். அவருடைய தேர்தல்களின்போது அந்த ஊர்க் கோயிலில் சிறப்பு வழிபாடுகள் நடந்ததும் பதாகைகள் வைக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் 2019 டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு முன்பே, அவர் போட்டியிலிருந்து விலகினார். அன்று அவருடைய கோப்பை மூடி அலமாரியில் வைத்த செய்தி அலுவலகங்கள் பல. 2020 ஆகஸ்டில் பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார். 2024 ஜூலை 21இல் பைடன் போட்டியிலிருந்து விலகியதும், முதன்மைத் தேர்தல் எதையும் எதிர்கொள்ளாமலேயே சில நாட்களில் கட்சி அவர் பின்னால் திரண்டது. தேர்தல் களத்தில் அவருக்குக் கிடைக்காத நியமனத்தைப் பதவி பெற்றுத் தந்தது. விலகியவர்களின் கோப்பை எறியக் கூடாது என்ற பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது இதிலிருந்துதான்.

ஆளுநர் பதவியைப் பற்றிப் பேசும்போது நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநில நிர்வாகத் தலைவர். நம் ஊர் முதலமைச்சரோடுதான் அவரை ஒப்பிட வேண்டும். 1976 முதல் 2004 வரை நடந்த எட்டு அதிபர் தேர்தல்களில் ஏழில் வென்றவர்கள் ஆளுநராக இருந்தவர்கள்: கார்ட்டர், ரீகன், கிளின்டன், இளைய புஷ். அந்தக் காலத்தில் கோப்பு தயாரித்தவர்கள் ஆளுநர் மாளிகைகளை மட்டும் பார்த்தாலே போதுமாக இருந்தது. அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2008 முதல் 2024 வரை இரு கட்சிகளின் வேட்பாளர்களிலும் முன்னாள் ஆளுநர் ஒருவரே இருக்கிறார், அவர் 2012இன் மிட் ராம்னி. மாநிலத்தில் செய்த நிர்வாகத்தை விரிவாக எழுதிய உள்ளூர் நாளிதழ்கள் நலிந்ததும், அரசியல் பேச்சு முழுவதும் தேசியத் தொலைக்காட்சிக்கும் சமூக ஊடகங்களுக்கும் நகர்ந்ததுமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மாநிலத்தில் போட்ட சாலையைவிட, தேசிய அளவில் போட்ட சண்டை இன்று அதிகம் தெரிகிறது.

ரான் டிசான்டிஸின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் ஃபுளோரிடாவில் 19 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் மீண்டும் ஆளுநரானபோது, 2024க்கான வேட்பாளர் அவர்தான் என்று எழுதாத பத்திரிகை குறைவு. பதவி இருந்தது, வெற்றி இருந்தது, பணமும் இருந்தது. அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் அவர் நேரில் சென்றார். 2024 ஜனவரி 15 அன்று முடிவு வந்தபோது அந்த 99இல் ஒன்றில்கூட அவர் முதலிடம் பெறவில்லை. ஆறு நாட்களில் விலகினார். அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: தீராத வழக்கு. கட்சித் தொண்டர்கள் டிரம்ப்பின் மீது வருத்தப்படவில்லை. அவருடைய கொள்கைகளை அவரைவிடத் திறமையாகச் செய்து காட்டுகிறேன் என்பவர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் இடம் பெற்றவர் அடுத்த முறை வேட்பாளர் ஆவார் என்ற நம்பிக்கை, குறிப்பாகக் குடியரசுக் கட்சியைப் பற்றி, நெடுங்காலம் இருந்தது. 1976இல் ஃபோர்டிடம் தோற்ற ரீகன் 1980இல் வந்தார். 1980இல் தோற்ற மூத்த புஷ் 1988இல். 1988இல் தோற்ற டோல் 1996இல். 2000இல் தோற்ற மெக்கெய்ன் 2008இல். ஆனால் 2012இல் ராம்னிக்கு அடுத்து நின்ற ரிக் சான்டோரம் 2016இல் எடுபடவே இல்லை. டிரம்ப்புக்குப் பின் இந்த விதியை நம்பிக் கோப்பு தயாரிக்க எனக்குத் துணிவு இல்லை.

காலத்தை அடையாளமாகக் கொள்வதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. எனக்கு அது மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. 1991 மார்ச்சில் வளைகுடாப் போர் முடிந்தவுடன் மூத்த புஷ்ஷின் செல்வாக்கு கேலப் கணிப்பில் 89 சதவீதத்தைத் தொட்டது. ஜனநாயகக் கட்சியின் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. 1991 டிசம்பர் 20, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மனு தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆல்பனி விமான நிலையத்தில் நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோவை ஏற்றிச் செல்ல வாடகை விமானம் தயாராக நின்றது. மாநிலத்தின் வரவு செலவுத் திட்டம் முடியவில்லை, அதைவிட்டு வர முடியாது என்று அவர் அறிவித்தார். விமானம் கிளம்பவில்லை. அக்டோபரிலேயே களமிறங்கியிருந்த, அப்போது பலரும் அறியாத ஆர்கன்சா ஆளுநர் பில் கிளின்டனுக்கு வழி திறந்தது. 2011 அக்டோபரில் கட்சியின் பெரும் நன்கொடையாளர்கள் வருந்தி அழைத்தபோது மறுத்த கிறிஸ் கிறிஸ்டி 2016இல் வந்தார். இடையில் அவருடைய ஆட்கள் அரசியல் பழிவாங்கலாகப் பாலத்துச் சாலைகளை மூடிய விவகாரத்தில் அவருடைய பெயர் கெட்டிருந்தது, நியூ ஹாம்ப்ஷயரில் ஆறாம் இடம் பெற்று விலகினார். ஒபாமாவோ செனட்டில் இரண்டே ஆண்டுகள் இருந்த நிலையில், அனுபவம் போதாது என்ற குற்றச்சாட்டைத் தெரிந்தே ஏற்று, வந்த அலையில் ஏறினார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்தவரா என்று ஒவ்வொரு கோப்பிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதிகளையும் விட்டுவிட முடியாது. ஜனநாயகக் கட்சி ஒவ்வொரு மாநிலத்திலும் வாக்குகளுக்கு ஏற்பப் பிரதிநிதிகளைப் பங்கிட்டுத் தருகிறது. 15 சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்குப் பங்கு இல்லை. குடியரசுக் கட்சியில் பல மாநிலங்கள் முதலிடம் பெற்றவருக்கே எல்லாவற்றையும் அல்லது பெரும்பகுதியைத் தருகின்றன. 2016இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைந்த வாக்குகளைப் பெற்ற டிரம்ப்புக்கு அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் கிடைத்தார்கள். எதிர்ப்பு பலரிடையே சிதறிக் கிடந்தால் உறுதியான சிறுபான்மையை வைத்திருப்பவர் அங்கே வேட்பாளர் ஆகிவிடலாம். ஜனநாயகக் கட்சியில் அப்படிப்பட்டவர் கடைசிவரை கணக்கில் இருப்பார், ஆனால் பரவலான கூட்டணி இல்லாமல் வெல்வது கடினம். 2020இல் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம் என்று கிடந்த பைடனை, பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் அளித்த ஆதரவும், மூன்று நாள் கழித்து அந்த மாநிலத்தின் கறுப்பின வாக்காளர்களும் தூக்கி நிறுத்தினார்கள். 1988, 2008 என முந்தைய இரு முயற்சிகளிலும் ஒரு மாநிலத்தையும் வெல்லாதவர் அவர். அந்த ஆண்டு கட்சிக்குள் வழக்கு கொள்கையைப் பற்றியது இல்லை. டிரம்ப்பை யாரால் தோற்கடிக்க முடியும் என்பதே வழக்கு. அதற்குப் பதிலாகப் பதவியும் அறிமுகமும் உள்ளவரைக் கட்சி தேர்ந்தெடுத்தது.

பிறப்பு பற்றிய விதி நம் வாசகர்கள் அடிக்கடி கேட்பது. பிறப்பால் குடிமகனாக இருப்பவர், 35 வயது நிறைந்தவர், 14 ஆண்டுகள் நாட்டில் வசித்தவர் மட்டுமே அதிபராக முடியும். ஆகவே சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலுக்கோ, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, புது டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்திக்கோ இந்தக் கோப்பு தேவையில்லை.

2028க்கு இந்த ஒப்பீட்டைப் பொருத்தினால், இரண்டு கட்சிகளுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் முடிவு. வெள்ளை மாளிகை கையில் இருக்கும் கட்சிக்குப் பதவியை நம்ப வேண்டும். அதை இழந்த கட்சிக்குத் தீராத வழக்கையும் காலத்தையும் நம்ப வேண்டும். 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது திருத்தத்தின்படி டிரம்ப் மூன்றாவது முறை தேர்ந்தெடுக்கப்பட முடியாது. எனவே முதல் கோப்பு துணை அதிபர் ஜே. டி. வான்ஸுக்கு. ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கை மீற வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய கோப்பில் 2016இல் டிரம்ப்பைக் கடுமையாக விமர்சித்த சொற்களும், செனட்டராக இருந்தபோது உக்ரைனுக்கான உதவியை எதிர்த்த நிலைப்பாடும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டாவது கோப்பு மார்கோ ரூபியோவுக்கு. 2016 மார்ச் 15இல் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவிலேயே டிரம்ப்பிடம் தோற்று அன்றிரவே விலகியவர், இன்று அதே டிரம்ப்பின் வெளியுறவு அமைச்சர். அந்தப் பதவியை வகித்தவர்களில் பின்னர் அதிபரானவர்களின் வரிசை 1856இல் தேர்ந்தெடுக்கப்பட்ட புக்கானனோடு நின்றுவிட்டது என்பதால், வான்ஸ் விலகினால் அல்லது வீழ்ந்தால் மட்டுமே இவருக்கு வழி உண்டு என்று கணிக்கிறேன்.

ஜனநாயகக் கட்சியின் பக்கம் தேர்வு கடினமாக இருக்கிறது. கமலா ஹாரிஸ் மீண்டும் வருவாரா என்ற கேள்வி நம் ஊரில் பலமாகக் கேட்கப்படுகிறது. பொதுத் தேர்தலில் தோற்ற ஒருவருக்கு அந்தக் கட்சி மீண்டும் நியமனம் அளித்தது கடைசியாக 1956இல், அட்லாய் ஸ்டீவன்சனுக்கு. அவருடைய கோப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். ஐவரில் ஒன்றாக வைக்க மாட்டேன்.

அந்தக் கட்சியில் தீராத வழக்கு எது? பைடனின் வயதைப் பற்றித் தலைவர்கள் காத்த மௌனம், விலைவாசியைப் பற்றித் தொழிலாளர்களுக்குச் சொல்லத் தவறிய பதில், டிரம்ப்பிடம் போதிய அளவு போராடவில்லை என்ற ஆத்திரம் ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. மூன்றாவதை முதலில் பிடித்துக்கொண்டவர் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம். டெக்சாஸ் தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சி மாற்றியதற்குப் பதிலடியாகத் தன் மாநிலத்தின் எல்லைகளை மாற்றும் முன்மொழிவை 2025 நவம்பர் 4 வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு நிறைவேற்றிக் காட்டினார். அவருடைய பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிவதால் காலமும் பொருந்துகிறது. மூன்றாவது கோப்பு அவருக்கு.

நான்காவது பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபீரோவுக்கு. 2023 ஜூன் 11 அன்று ஃபிலடெல்ஃபியாவில் எரிபொருள் லாரி தீப்பிடித்து ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பல மாதங்கள் ஆகும் என்று அஞ்சப்பட்ட வேலை. பழைய கண்ணாடியை அரைத்துச் செய்த நிரப்புப் பொருளைப் பள்ளத்தில் கொட்டி, வேலை நடப்பதை இரவும் பகலும் இணையத்தில் நேரலையாகக் காட்டி, 12ஆம் நாள் சாலையைத் திறந்தார்கள். அரசு எந்த வேலையையும் உரிய நேரத்தில் முடிப்பதில்லை என்ற குறை சொந்தக் கட்சிக்காரர்களிடமே இருக்கும்போது, இது சாலை போட்ட கதை மட்டும் இல்லை. ஆளுநர்களின் காலம் மங்கிவிட்டது என்று மேலே சொன்னதை மீறி அவரைச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது இடத்துக்கு நான் நெடுநேரம் யோசித்தேன். டிரம்ப்புக்குப் பெரும் ஆதரவு உள்ள கென்டக்கியில் 2023இல் மீண்டும் வென்ற ஆண்டி பெஷீர், மிச்சிகனின் கிரெட்சன் விட்மர், 2020 அயோவாவில் பெர்னி சாண்டர்ஸோடு சரிக்குச் சரி நின்ற பீட் புட்டிஜெஜ் ஆகிய மூவரும் தகுதி உள்ளவர்கள்தாம். ஆயினும் வழக்கு என்ற அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸை விட முடியாது. 2018 ஜூன் 26இல், பத்து முறை வென்ற, கட்சித் தலைமையில் இருந்த ஜோ கிரௌலியை முதன்மைத் தேர்தலில் வீழ்த்தியவர். தலைவர்களுக்கும் தொண்டர்களுக்கும் இடையிலான பிளவைக் கட்சி உணர்வதற்கு முன்பே அதன் மறுகரையில் நின்றவர். அவருக்கு எதிராக இருப்பது ஒரு பழைய கணக்கு: பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தபடியே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 1880இல் கார்ஃபீல்டு ஒருவரே. அதைவிடப் பெரியது, கறுப்பின மூத்த வாக்காளர்களிடம் அவர் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை. தென் கரோலினாவைப் போன்ற மாநிலங்கள் அதைத்தான் சோதிக்கும். ஆனால் நான் கணிக்க வேண்டியது நியமனத்துக்கான சாத்தியத்தை. அது அவருக்கு இருக்கிறது. செனட் தொகுதிக்குப் போட்டியிட அவர் முடிவெடுத்தால் அந்தக் கோப்பைப் புட்டிஜெஜுக்கு மாற்றுவேன்.

கார்ட்டர் தன் போட்டியை அறிவித்தது 1974 டிசம்பர் 12, நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆன நேரம். ஒபாமா ஸ்பிரிங்ஃபீல்டில் அறிவித்தது 2007 பிப்ரவரி 10, அதுவும் அப்படியொரு தேர்தலுக்கு மூன்று மாதம் கழித்து. ஷபீரோ மீண்டும் தன் மாநில மக்களைச் சந்திக்கும் தேர்தலும் 2026 நவம்பரில்தான் வருகிறது. அது முடிந்த மறுவாரம் ஐந்து கோப்புகளையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் எந்த மாநிலத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.